யாருக்கு யார் ப்ரோ

வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவின் பெரிய ராஜாக்கள் எல்லோருக்கும் ‘ஹிஸ் ஹைனஸ்’தான். ஹைதராபாத் நிஜாமுக்கு மட்டும் அது போதவில்லை. முதல் உலகப் போருக்கு அவர் அள்ளிக்கொடுத்த பணத்துக்குக் கைம்மாறாக, 1918இல் மீர் உஸ்மான் அலிகானுக்கு ‘ஹிஸ் எக்ஸால்டட் ஹைனஸ்’ என்று ஒரு சுற்றுப் பெரிய பட்டத்தை வெட்டிக்கொடுத்தார்கள். நாட்டில் வேறு எந்த ராஜாவுக்கும் அது கிடையாது. அவருக்குக் கீழே இருந்த பிரபுக்களுக்கும் படிவரிசை உண்டு. ஜங், அதற்கு மேலே தௌலா, அப்புறம் முல்க், உம்ரா, எல்லாவற்றுக்கும் உச்சியில் ஜா. யாரை எந்தப் படியில் வைத்துக் கூப்பிடுவது என்று தெரியாதவன், அந்தக் காலத்து ஹைதராபாத்தில் ஒரு விருந்தில்கூட நிம்மதியாகச் சாப்பிட்டிருக்க முடியாது.

அதே ஊரில், போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் வீட்டு வாசலில் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து நின்ற பையன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னான்: “ப்ரோ, ஓடிபி செப்பண்டி.”

மூன்றே வார்த்தை. முதல் வார்த்தையில் என் தோளில் கையைப் போட்டுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கடைசி வார்த்தையில் நம் ‘ங்க’ போன்ற தெலுங்கு ‘அண்டி’யைச் சேர்த்து, இரண்டடி தள்ளி நின்று கும்பிடு போட்டான். நடுவில் இருப்பது வியாபாரம். நிஜாம் சபையில் ஐந்து படி ஏறிச் செய்ய வேண்டியதை இவன் வாசற்படியிலேயே முடித்துவிட்டான். என் மனைவி மட்டும் உள்ளேயிருந்து, “உங்க தம்பியா வந்திருக்கறது?” என்று கேட்டாள்.

நான் இதைக் கவனிப்பதற்குக் காரணம் என் பிழைப்பு. ஹைடெக் சிட்டியில் ஒரு கம்பெனியில் ஆங்கிலக் கையேடுகளைத் திருத்துகிற வேலை. 1998இல் சைபர் டவர்ஸ் திறந்தபோது சுற்றிலும் பாறையும் புதருமாக இருந்த இடம். இன்று அங்கே பாறையைத் தேடிப் பிடிக்க வேண்டும். ப்ரோவைத் தேட வேண்டாம், கால் வைத்த இடமெல்லாம் ப்ரோ. சமீபத்தில் ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் நீளமாகப் புகார் எழுதியதற்கு எங்கள் ஆள் ஒருவர் ‘நோட்டட் ப்ரோ’ என்று இரண்டே சொல்லில் பதில் போட்டுவிட்டார். மனிதவளத் துறை விழித்துக்கொண்டது. அந்தச் சொல்லுக்கு என்னென்ன பொருள், அதற்குப் பதிலாக மரியாதையாக என்னென்ன சொல்லலாம் என்று ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதித் தரும்படி உத்தரவு என் மேஜைக்கு வந்தது. கொண்டுவந்து கொடுத்தவர், “கொஞ்சம் சீக்கிரம் முடிச்சிடுங்க ப்ரோ” என்றார்.

பொருளில் தொடங்கினேன். இந்தச் சொல் நேற்று வந்ததல்ல. பதினேழாம் நூற்றாண்டிலேயே ‘பிரதர்’ என்று முழுதாக எழுதச் சோம்பல்பட்ட ஆங்கிலேயர்கள் ‘ப்ரோ’ என்று எழுதிப் புள்ளி வைத்திருக்கிறார்கள். 1923இல் வார்னர் சகோதரர்கள் படக்கம்பெனியைப் பதிவு செய்தபோது, பலகையில் ஏறியதும் இந்தச் சுருக்கத்தின் பன்மைதான். நம் ஊர்ச் சுவர்களில் ஒட்டியிருக்கும் நற்செய்திக் கூட்ட நோட்டீஸைப் பாருங்கள். பேச்சாளர் பெயருக்கு முன்னால் அதே சுருக்கம், அதே புள்ளி. பிறகு அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சில் அது நட்புச் சொல்லாக உலவியது. கல்லூரி விடுதிகளுக்கும் கடலலையில் சறுக்குகிறவர்களுக்கும் போயிற்று. சினிமாவோடு உலகம் சுற்றி, புள்ளியை வழியில் தொலைத்துவிட்டு இங்கே வந்து இறங்கியது. வருவதற்குள் சொந்த ஊரில் கொஞ்சம் பெயரையும் கெடுத்துக்கொண்டது. பீர், பந்தயம், உடற்பயிற்சிக் கூடம், பெரிய குரல் என்று கும்பலாகத் திரியும் இளைஞர்களை அங்கே இப்போது இளக்காரமாகச் சொல்லவும் இதே சொல்தான்.

எல்லையோரங்களில் சாலை போடும் நம் மத்திய அரசு அமைப்பு ஒன்று இருக்கிறது, 1960இல் தொடங்கியது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தாலும் இதே மூன்று எழுத்து வரும். லடாக் போய் வந்த என் சக ஊழியர் ஒருவர், வழி நெடுக அந்தப் பலகைகளைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்து வந்தார். இமயமலையே தன்னைப் பேர் சொல்லாமல் செல்லமாகக் கூப்பிட்டதாக அவருக்கு எண்ணம்.

தமிழ்நாட்டில் இந்தச் சொல்லுக்கு ஒரு மூத்தவர் உண்டு. எண்பதுகளில் பஸ்ஸில் சட்டையை இன் செய்தவர்கள், “பிரதர், கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்பார்கள். அந்தப் பிரதரிடம் ஒரு கௌரவம் இருந்தது. கையில் மடித்த ஹிந்து பேப்பர் இருப்பதுபோலத் தோன்றும். அப்புறம் பாஸ் வந்தார், குரு வந்தார், தல வந்தது, ஜி வந்தது. மச்சி எப்போதும் இருந்தான். இவர்களையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு ப்ரோ இன்று மளிகைக் கடையிலிருந்து அரசியல் மேடைவரை ஏறிவிட்டார்.

ஆனால் எங்கள் அலுவலகத்தில் இந்தச் சொல்லுக்கு அகராதிப் பொருள் ஒன்றும் இல்லை. இழுக்கிற இழுப்பில்தான் எல்லாம். வெட்டினாற்போல் ‘ப்ரோ’ என்றால், லிஃப்ட்டில் நகர்ந்து நில் என்று அர்த்தம். கேள்விக்குறியோடு ‘ப்ரோ?’ என்றால், நீ செய்தது உனக்கே நியாயமா? ‘ப்ரோ ப்ரோ ப்ரோ’ என்று மூன்று தரம் வேகமாகச் சொன்னால், மேலே பேசாதே, மேலாளர் பின்னால் நிற்கிறார். மாசக் கடைசியில் ‘ப்ரோ...’ என்று குழைந்து இழுத்தால் பர்ஸைப் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும். ‘ஓகே சார்’ என்று பதில் வந்தால் வேலை நாளைக்கு நடக்கும். ‘ஓகே ப்ரோ’ என்று வந்தால் அந்த வேலையை நாமே உட்கார்ந்து செய்துவிடுவது உடம்புக்கு நல்லது.

அடுத்தது, மரியாதையான மாற்றுச் சொற்கள்.

முதலில் எல்லோர் வாயிலும் வருவது சார். ஆனால் இந்த ஊர் கம்பெனிகளில் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள், இங்கே சார், மேடம் கிடையாது, எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று. கரீம்நகரிலோ விருதுநகரிலோ வளர்ந்த இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு, அப்பா வயதுள்ள மேலாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு எழாது. சார் என்றால் கம்பெனிக்குப் பிடிக்காது. பெயர் சொன்னால் ஊரில் அம்மாவுக்குத் தெரியாவிட்டாலும் மனசுக்குள் அம்மா முறைப்பாள். பையன் ஒரு வாரம் யாரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடாமல், “அது வந்து... இந்த ஃபைல்...” என்று தொண்டையைக் கனைத்தே காலம் தள்ளுவான். அதற்கப்புறம் ஒருநாள் ப்ரோ என்பான். மேலாளருக்கும் உள்ளூரச் சந்தோஷம், பத்து வயது குறைந்ததுபோல. எங்கள் அலுவலகத்தில் அது நுழைந்த சந்து இதுதான்.

மனிதவளத் துறையே ‘டியர் ஃப்ரெண்ட்’ என்று ஒன்றைப் பரிந்துரைத்திருந்தது. அப்படித் தொடங்கும் கடிதம் எனக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. வெளிநாட்டில் வாரிசில்லாமல் செத்துப்போன கோடீஸ்வரர்களின் வக்கீல்களிடமிருந்து.

தெலுங்கில் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிற ‘காரு’ இருக்கிறது. கம்பீரமான ஒட்டு, கடிதத்திலும் அழகாக நிற்கும். நம் ஆட்களுக்குத்தான் பழகக் கொஞ்ச நாளாகும். திருநெல்வேலியிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒரு பையனிடம், “ராவு காரு வச்சாரு” என்றார்கள். ராவ் வந்துவிட்டார் என்பது தகவல். பையன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “எங்கண்ணே வச்சாரு? பார்க்கிங்லயா?” என்றான்.

தெலுங்கு மரியாதையின் இன்னொரு பாதி வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. செப்பு என்றால் சொல்லு, செப்பண்டி என்றால் சொல்லுங்கள். கூர்ச்சோ, கூர்ச்சோண்டி. ரா என்றால் வா. வாங்க என்பதற்கு ரண்டி. வாசலில் நின்று முகம் மலர்ந்து சொல்ல வேண்டிய சொல். அதைத்தான் பாட்னாவிலிருந்தோ கான்பூரிலிருந்தோ முந்தின நாள் வந்து இறங்கிய பெண்மணியிடம் சொல்லிவிடக் கூடாது. இந்தியில் அது வாய்விட்டுச் சொல்லக் கூடாத வசவு. எங்கள் அபார்ட்மென்டில் புதுக்குடித்தனம் வந்த வடக்கத்தி அம்மாளை, கீழ்வீட்டுத் தெலுங்குப் பெரியவர் வெற்றிலைத் தட்டோடு அப்படி வரவேற்றார். உபசரிக்கிற முகம், தட்டு நிறையப் பழம், வாயில் அந்த வார்த்தை. அந்த அம்மாள் எதை நம்புவது என்று தெரியாமல் பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர்கள் போய்ச் சமாதானம் செய்ய இருட்டிவிட்டது. இப்போது பெரியவர் அவரைப் பார்த்தால் சைகையால் மட்டுமே அழைக்கிறார்.

சரி, அண்ணா? தமிழுக்கும் தெலுங்குக்கும் பொது. 1967இல் நமக்கு ஒரு அண்ணா முதல்வரானார். 1982இல் ஹைதராபாத்தில் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கி, ஒன்பதே மாதத்தில் முதல்வரான என்.டி. ராமாராவை ஆந்திரம் ‘அன்ன காரு’ என்றது. தெலங்கானாப் பேச்சில் அன்னா இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. எழுபது வயதுக் காய்கறிக்காரர் முப்பது வயதுக்காரனை “ஏந்தன்னா, டமாட்டா வத்தா?” என்று கேட்பார், தக்காளி வேண்டாமா என்று. எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் கம்பெனியில் வடக்கத்திக்காரர்கள் நிறைய. அவர்களுக்கு அண்ணா என்றால் ஹசாரே. இரண்டாவது சிக்கல் இன்னும் பெரிது. அண்ணா என்று ஒருவரை வாய்நிறையக் கூப்பிட்டுவிட்டால் அதோடு விடாது. அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போக வேண்டும், பெண் கல்யாணத்துக்கு மொய் எழுத வேண்டும், அவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் ஹார்லிக்ஸோடு போய் நிற்க வேண்டும். ப்ரோவுக்கு வாட்ஸப்பில் ஒரு கட்டைவிரல் போதும்.

பாய் என்று ஒருவரைக் கூப்பிட்டால் நம் ஊரில் ஒரே பொருள்தான். முஸ்லிம் பெரியவர், பெரும்பாலும் பிரியாணிக்கடைக்காரர். ஹைதராபாத்தில் அப்படி இல்லை. ஒரு ரெட்டி ஒரு சர்மாவைப் பார்த்து “க்யா பாய்” என்பார், இருவர் தட்டிலும் தயிர்சாதம் இருக்கும். பழைய நகரத்தின் சொந்தச் சரக்கு ‘மியான்’. சார்மினார் பக்கத்து ஈரானி டீக்கடையில், நிஜாமின் பேரைச் சுமக்கும் உஸ்மானியா பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டு, “அரே மியான், நக்கோ, பேட் பர் கயா” என்று ஒருவர் இன்னொரு தட்டை மறுப்பார். வயிறு நிறைந்துவிட்டதாம், கை மட்டும் அடுத்த பிஸ்கட்டை எடுத்துக்கொண்டிருக்கும். வேண்டாம் என்பதற்கு இந்த ‘நக்கோ’ வாணியம்பாடி, ஆம்பூர்க்காரர்களுக்கும் வீட்டுச் சொல். ஆனாலும், ‘டியர் மியான், உங்கள் இன்வாய்ஸ் கிடைத்தது’ என்று சிங்கப்பூருக்குக் கடிதம் போட எனக்குத் தைரியம் வரவில்லை.

தெலுங்கு நண்பர்கள் தங்களுக்குள் மாமா என்றும் பாவா என்றும் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். மச்சான் என்கிற நம் பழக்கம்தான். ஆனால் எங்கள் குழுவில் சேர்ந்த மதுரைக்காரரை ஒரு தெலுங்குப் பையன் பத்துப் பேர் நடுவில் “ஏம் மாமா” என்று முதுகில் தட்டியபோது, மதுரைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்த வேகம் இன்றும் கண்ணில் நிற்கிறது. தமிழில் மாமாவுக்கு இன்னொரு தொழிலும் உண்டு என்பதைத் தெலுங்குப் பையனுக்கு விளக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விளக்கினேன். அன்றிலிருந்து அவன் தன் சொந்தத் தாய்மாமனைக் கூப்பிடவே தயங்குவதாகக் கேள்வி.

இப்படி ஒவ்வொரு மாற்றுச் சொல்லும் ஒரு வம்போடுதான் வந்தது. மரியாதை எந்தச் சொல்லில் குடியிருக்கிறது என்று எனக்குக் கடைசியில் காட்டிக்கொடுத்தது அகராதி அல்ல. கொண்டாப்பூர் பக்கம் ஒரு சாயங்கால நெரிசல்.

பைக் ஒன்று காரின் பக்கவாட்டில் லேசாகத் தேய்த்துவிட்டது. விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. பைக்காரர் முந்திக்கொண்டார்: “ப்ரோ, சூஸ்கோவாலி கதா?” பார்த்து வரக் கூடாதா என்கிறார். “நேனு சூஸ்தூனே உன்னா ப்ரோ” என்றார் கார்க்காரர். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இதுவரை இருவரும் ப்ரோ. கார்க்காரர் கதவைத் திறந்து இறங்கி, கோட்டை விரலால் தடவினார். தடவத் தடவக் கோடு அவர் மனசுக்குள் நீண்டிருக்க வேண்டும். “ஏம் பாஸ், இப்டு இதெவரு கடதாரு?” இதற்கு யார் காசு கொடுப்பது? ப்ரோ போய் பாஸ் வந்ததைக் கவனியுங்கள். பைக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றினார். “ஓ பாபூ...” என்றார். பாபு என்றால் தம்பி, குழந்தை, ஐயா எல்லாமும் உண்டு. ஆனால் அந்தக் குரலில் அது எதுவுமில்லை. அடுத்த வாக்கியத்தில் ‘ரேய்’ வந்தது. நம் டேய்தான். ரேய் வந்ததும் இரண்டு சட்டைக் காலர்கள் கைமாறின. பின்னால் நூறு ஹாரன்.

அப்போது ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு ஒரு பெரியவர் வந்தார். தலையில் தொப்பி, கையில் பால் பாக்கெட். “அரே ஜானே தோ மியான்! க்யா ஹுவா? பெயின்ட்டிச் தோ கயா!” போனால் போகட்டும், பெயின்ட்தானே போயிற்று. அந்தப் ‘பெயின்ட்டிச்’சில் இருக்கும் ‘இச்’ தக்கணி உருதுவின் அழுத்தம். நம் ‘தான்’ செய்கிற வேலையை அது செய்யும். பால் பாக்கெட்டை இருவர் மூக்குக்கும் நடுவில் நீட்டிக்கொண்டே அதை நான்கு தரம் சொன்னார். காலர்கள் விடுபட்டன. கார்க்காரர், “காதண்ணா, மீரே செப்பண்டி” என்று பெரியவரிடம் நியாயம் கேட்டார். பைக்காரர் மறுபடி ‘பாஸ்’ என்றார். ஒரு நிமிஷம் கழித்து, “சாரி ப்ரோ” வந்தது. “சர்லே, லைட் தீஸ்கோ ப்ரோ” என்று பதிலும் வந்தது. லைட்டாக எடுத்துக்கொள் என்பது இந்த ஊர் வாழ்க்கைத் தத்துவம். ஹாரன்கள் ஓய்ந்தன.

அந்த இடத்தில் எனக்குப் பிடிபட்டது. நாங்கள் ப்ரோவுக்கு மரியாதையான மாற்றுச் சொல் தேடிக்கொண்டிருந்தோம். ப்ரோவே ஒரு மாற்றுச் சொல்தான். ரேய்க்கும் இந்தி ‘அபே’க்கும் டேய்க்கும் மாற்று. முன்பின் தெரியாத ஒருவனை, அவன் என்ன மொழி, என்ன சாதி, என்ன மதம், நம்மைவிட மூத்தவனா இளையவனா என்று எதுவும் தெரியாமல், அடிவாங்காமல் கூப்பிட வேண்டும். தெலுங்கு, உருது, இந்தி, தமிழ் நாலும் கலந்த ஊரில் அதற்குச் சொந்தச் சரக்கு எதை எடுத்தாலும் யாராவது ஒருவருக்கு இடிக்கிறது.

மூத்தவனா இளையவனா என்கிற கணக்குத்தான் இதில் பெரிய தலைவலி. ஆங்கிலத்தில் அந்தக் கணக்கே கிடையாது. அண்ணனும் பிரதர், தம்பியும் பிரதர். நமக்கு அண்ணன் வேறு, தம்பி வேறு, தப்பாகச் சொன்னால் மனஸ்தாபம். ஹைதராபாத் சினிமாவில் இதற்கு அத்தாட்சியே இருக்கிறது. 1999இல் பவன் கல்யாண் நடித்த படம் ‘தம்முடு’. தம்பி என்று பொருள். அடுத்த வருஷம் அவருடைய அண்ணன் சிரஞ்சீவி நடித்தது ‘அன்னய்யா’. முறை பிசகவில்லை. அதே பவன் கல்யாண் 2023இல் நடித்த படத்துக்குப் பெயர் ‘ப்ரோ’. இயக்கியவர் நம் சமுத்திரக்கனி. 2021இல் தமிழில் அவர் எடுத்த ‘விநோதய சித்தம்’தான் மூலம். விபத்தில் செத்துப்போகிற மனிதருக்குக் காலமே ஆள் உருவில் வந்து கொஞ்ச நாள் அவகாசம் தருகிற கதை. தமிழில் செத்துப்போகிறவராக நடித்தவர் தம்பி ராமையா. தமிழில் தம்பி இருந்த இடத்தில் இங்கே ப்ரோ! தெலுங்கில் அந்த வேடத்துக்கு சாய் தரம் தேஜ், காலமாக பவன் கல்யாண். நிஜத்தில் பவன் கல்யாண் அவருக்குத் தாய்மாமன். தாய்மாமனும் மருமகனும் ‘ப்ரோ’ என்ற பலகையின் கீழே நிற்கிறார்கள். நம் பக்கத்தில் மருமகன் மாமனை ப்ரோ என்று கூப்பிட ஆரம்பித்தால், காதுகுத்துக்கு யார் மடியில் உட்கார வைப்பது என்று ஒரு கேள்வி எழும்.

பெண்களை என்ன செய்வது என்று மனிதவளத் துறை கேட்டது. நியாயமான கேள்வி. சிஸ் என்று ஒன்று ஆங்கிலத்தில் இருக்கத்தான் செய்கிறது, வாயில் நிற்க மாட்டேன் என்கிறது. குக்கர் சத்தம்போல் இருக்கிறது. ஆன்ட்டி என்று கூப்பிட்டுவிட்டு உயிரோடு இருக்கிறவர்கள் ஹைதராபாத்தில் குறைவு. தெலுங்கில் ‘அம்மா’ பத்திரமானது. எங்கள் வாட்ச்மேன் என் மாமியாரை அம்மா என்பார், என் மகளையும் அம்மா என்பார், லிஃப்ட்டில் வீறிடும் கைக்குழந்தையையும் “ஏமைந்தம்மா?” என்று விசாரிப்பார். வீட்டுக்குள் போனால் கதை இன்னும் விசித்திரம். தெலுங்கு அப்பாக்கள் மகளைக் கொஞ்சும்போது ‘நான்னா’ என்கிறார்கள். நான்னா என்றால் அப்பா. அப்பா மகளை அப்பா என்கிறார். சென்னையில் நைனா என்று தெருவெல்லாம் கூப்பிடுகிறோமே, அதுவும் தெலுங்கு அப்பன்தான்.

பெண்கள் யாருடைய குறிப்புக்கும் காத்திருக்கவில்லை. என் பக்கத்து மேஜையில் இரண்டு பெண்கள் பேசிக்கொள்கிறார்கள்: “ப்ரோ, இந்தக் கம்மல் எங்கே எடுத்தே ப்ரோ?” ஒருத்தி இன்னொருத்தியின் கல்யாணப் புடவையைத் தடவிப் பார்த்து, “செம்ம ப்ரோ” என்கிறாள். அவர்கள் ஆண்களுக்கு இதைச் சொல்லும்போதுதான் விஷயம் சிக்கலாகிறது. நம் காலத்தில் ஒரு பெண் ‘அண்ணா’ என்றால் முடிந்தது. அது சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, பையன் தாடி வளர்க்கப் போய்விடுவான். ப்ரோ என்றால் அப்பீலுக்கு இடம் இருக்கிறதா இல்லையா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு பையன் ஒரு வருஷமாக அதே யோசனையில் இருக்கிறான். அவளும் அவனை நல்லபடியாகத்தான் ப்ரோ என்கிறாள், ஆனால் காபி மெஷினைச் சரிசெய்ய வருகிறவரையும் அதே குரலில்தான் ப்ரோ என்கிறாள்.

எல்லாவற்றையும் சுருக்கிக் குறிப்பை எழுதிக்கொடுத்தேன். வாடிக்கையாளருக்கு எழுதும்போது அவர் பெயரும் வணக்கமும் போதும். வயதில் மூத்த தெலுங்குக்காரருக்குப் பெயரோடு காரு. குழுவுக்கு எழுதும்போது ‘எல்லோருக்கும்’. சண்டை வரும்போல் இருந்தால் மட்டும் ப்ரோ. கடைசி வரியை மனிதவளத் துறை எடுத்துவிட்டது. மற்றவற்றைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அதற்கடியில் யாரோ பென்சிலால் ‘சூப்பர் ப்ரோ’ என்று எழுதியிருக்கிறார்கள்.

குறிப்பில் நான் சேர்க்காமல் விட்டது ஒன்று உண்டு. என் வயது ஆண்களுக்கு ப்ரோவின் மரியாதையான மாற்றுச் சொல் ஏற்கெனவே தயாராக இருக்கிறது: அங்கிள். ஜங், தௌலா, முல்க் எல்லாம் நிஜாம் கொடுத்தால்தான் உண்டு. இந்தப் பட்டத்தை யார் வேண்டுமானாலும், முன்னறிவிப்பில்லாமல், பொது இடத்தில் வைத்துக் கொடுத்துவிடலாம். எனக்கு ஹைடெக் சிட்டி ஸ்டேஷனில் ஏறிய மெட்ரோவில் கிடைத்தது. கூட்டம் நெரித்தது. காதில் வெள்ளைக் குமிழ் மாட்டிய ஒரு பையன் சட்டென்று எழுந்து, “அங்கிள், கூர்ச்சோண்டி” என்றான். அப்பழுக்கில்லாத மரியாதை. இலக்கணம் சுத்தம், அண்டி இருந்தது, குரலில் அன்பு இருந்தது. பெட்டி முழுக்கத் திரும்பி நான் அங்கிள்தானா என்று சரிபார்த்தது. அதே பையன் என்னை ப்ரோ என்று நினைத்திருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே இருந்திருப்பான், நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டு இளமையாகத் தொங்கியிருப்பேன்.

உட்கார்ந்தேன். சீட்டோடு வரும் அங்கிளா, நின்றுகொண்டே போகும் ப்ரோவா என்று அமீர்பேட்டைவரை யோசித்ததில் எனக்குக் கிடைத்த விதி இதுதான். மாதாப்பூரில் இறங்குவதாக இருந்தால் ப்ரோ. நாகோல்வரை போக வேண்டுமென்றால் அங்கிள்.